இடம் மாற்றிய ஸ்டியரிங்

கையை எடுத்ததும் ஸ்டியரிங் ஒரு விரல் அளவு வலப்பக்கம் நகர்ந்து நின்றது. கார் கராஜுக்குள் நிற்கிறது, என்ஜின் ஓடவில்லை, பேட்டரி வயரைக்கூடக் கழற்றியாகிவிட்டது. டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்த சமத்துக்கு முதலில் வந்தது பயம்தான். அதை ஒப்புக்கொள்ள மனமில்லாமல் கோபப்பட்டான்.

எல்லாம் அண்ணன் எசென் செய்த வேலை. ஜப்பானிலிருந்து வலப்பக்க ஸ்டியரிங்கோடு வந்த காரை, வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடும் பிஷ்கெக்கில் ஓட்டுவதற்காகத் தன் ஷெட்டில் இடப்பக்கம் மாற்றி, "புதுசு மாதிரிடா" என்று தம்பி தலையில் கட்டிவிட்டான். கூடப்பிறந்தவனையே ஏமாற்றுகிறவனை என்ன சொல்லித் திட்டுவது? மனைவி பெர்மெத்துக்கு மாதம் நிறைந்திருந்தது. இந்தப் பனியில் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேறு வண்டி இல்லை. இதுவோ சாலையோரப் பள்ளத்தைப் பார்த்தே இழுத்துக்கொண்டு போகிறது.

கராஜ் வாசலில் பெர்மெத் கம்பளிக் கோட்டுக்குள் நடுங்கியபடி நின்றாள்.

"அந்த நெட்டையர் குடுத்த வண்டியில நான் ஏற மாட்டேன்," என்றாள். கணவனின் அண்ணன் பெயரை மருமகள் வாயால் சொல்லும் வழக்கமில்லை. அவளுக்கு எசென் எப்போதும் நெட்டையர்தான். "வலது சீட்டுல உக்காந்தா மடியில யாரோ கை வச்ச மாதிரி இருக்கு."

"கை வைக்கிறாங்களாம், கை! பேரிங் போயிருக்கு, அவ்வளவுதான். இப்பவே கழட்டிக் காட்டறேன். வந்து உக்காரு."

"வேணாங்க."

"உக்காருன்னு சொல்றேன்ல!"

அவள் உட்கார்ந்தாள். கதவை அவனே அறைந்து சாத்தினான்.

ஹாரன் மூடியைப் பெயர்த்து, நடு நட்டைக் கழற்றி, வீலை இரண்டு பக்கமும் ஆட்டி ஆட்டி உருவினான். பிளாஸ்டிக் உறைகளை நீக்கியதும் பழைய கிரீஸ் நாற்றம் அடித்தது. அதற்கடியில் வேறொரு வாடை, துருவும் ஈரத்துணியும் சேர்ந்து கிடந்ததுபோல. வெளியே நிலக்கரிப் புகை மதிய வெயிலையே பழுப்பாக்கியிருந்தது, பக்கத்துக் கராஜில் பாடிக்கொண்டிருந்த ரேடியோ எப்போதோ நின்றுபோயிருந்தது. டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்து, ஸ்டியரிங் தண்டைப் பிடித்திருந்த போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினான். இங்கே ஒன்று தளரும்போதெல்லாம், வலப்பக்கத்தில் எங்கோ ஒன்று இறுகும் சத்தம் கேட்டது.

"நெளியாம உக்காரு," என்று கத்தினான்.

"நான் அசையவே இல்லீங்க."

தண்டு மொத்தமாக அவன் மார்பில் விழுந்தது. சாவியும் அதிலேயே தொங்கியது. அதைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து நின்றான்.

"பாத்தியா? இப்ப எது இழுக்கும்? சொல்லு!"

சிமெண்ட் தரையில் ரப்பர் தேய்ந்தது. முன்சக்கரங்கள் மெல்ல வலப்பக்கம் திரும்பின. நின்றன. பிறகு இடப்பக்கம்.

கையில் தண்டு கனத்தது.

"எசென் எங்க?" என்றாள் பெர்மெத்.

குரல் அவளுடையதுதான். ஆனால் அந்தப் பெயரைக் கல்யாணமான நாளிலிருந்து அவள் சொன்னதே இல்லை.

"என்னடி சொல்றே?"

"ஸ்டியரிங்கை எடுத்துட்டான். எசென் என்னை இன்னும் வெளிய எடுக்கல."

தண்டைப் போட்டுவிட்டு ஓடினான். வலப்பக்கக் கதவை இழுத்தான். திறக்கவில்லை. இடப்பக்கம் ஓடினான். இப்போதுதான் இறங்கி வந்த கதவு. அதுவும் திறக்கவில்லை. கண்ணாடியில் குத்தினான். அண்ணனைத் திட்டினான். தன்னைத் திட்டினான். உட்காரச் சொன்னவன் அவன்தானே.

உள்ளே அவள் கண்கள் மட்டும் அவனைக் கெஞ்சின. கைகள் இரண்டும் முன்னால் நீண்டு, இல்லாத வட்டம் ஒன்றை இறுகப் பிடித்திருந்தன.

டக்.

அவள் சீட் அதன் தடத்தில் ஒரு பல் முன்னால் நகர்ந்தது.

டக்.

நிறைமாத வயிற்றின்மேல் கோட்டுத் துணி உள்ளே அமுங்கியது. வளைவாக. ஸ்டியரிங்கின் கீழ்ப்பாதி அளவுக்கு.

டக்.