சோழி சுமந்த சர்க்கரை

நிதிலனின் சர்க்கரை நோய் சமையலறை வாசலில் உட்கார்ந்துகொண்டு சாப்பாடு கேட்டுக் கத்தியது. வெண்பா வேகவைத்த கோழியை உதிர்த்து அதன் முன்னால் வைத்தாள். தின்று முடிக்கும்வரை பக்கத்திலேயே இருந்தாள். வெறும் வயிற்றில் ஊசி போடக் கூடாது. பிறகு காதோரம் ஒரு துளி ரத்தம் எடுத்துச் சர்க்கரைமானியில் வைத்துப் பார்த்து, பிடரித் தோலைக் கிள்ளித் தூக்கி இன்சுலினை ஏற்றினாள். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று.

நோய்மாற்றி வந்த பிறகு வசதி உள்ள மனிதர் யாருக்கும் சர்க்கரை நோய் கிடையாது. பூனைகளுக்குத்தான் உண்டு. அரிசி அளவில் இரண்டு இணைமணிகள். ஒன்று நோயாளியின் கணையத்தில், மற்றது பூனையின் கணையத்தில். மனிதன் லட்டு தின்பான், பூனையின் ரத்தத்தில் சர்க்கரை ஏறும். எப்படி என்று கேட்டால் மருத்துவர்கள் விளக்கோ விளக்கென்று விளக்குவார்கள். கேட்டவர்கள் தலையை ஆட்டிவிட்டு லட்டு தின்னப் போவார்கள். பூனை செத்தால் நோய் உரியவரிடமே திரும்பிவிடும். அதனால் நோயாளியே தன் சுமைப்பூனையைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. விதி எழுதியவர்களுக்கு நம் வீடுகளைத் தெரியாது போலும். நோய் நிதிலனுடையது, பூனை நிதிலனுடையது, ஊசி மட்டும் வெண்பாவுடையது.

பூனைக்குப் பெயர் வைக்காதீர்கள் என்று மருத்துவமனையில் சொல்லித்தான் அனுப்புவார்கள். முதல் இரண்டு பூனைகளுக்கும் அவள் வைக்கவில்லை. அவை செத்தபோது அழாமல் இருக்க அது ஒன்றும் உதவவுமில்லை. அதனால் மூன்றாவதைச் சோழி என்று கூப்பிட்டாள். சோழி தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு நகராது. எவ்வளவு குடித்தாலும் தாகம் அடங்காது. இப்போது பின்னங்கால்கள் துவண்டு, குதிகாலைத் தரையில் பதித்து நடக்கிறது. முன்பு தாவி ஏறிய ஜன்னலை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கீழேயே படுத்துக்கொள்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் வெண்பாவுக்குக் கணவன்மேல் பற்றிக்கொண்டு வரும்.

அன்று மாலை ஒரு கல்யாண வரவேற்பிலிருந்து நிதிலன் அழைத்தான்.

“பந்தியில உக்காரப் போறேன். அசோகா, ஜாங்கிரின்னு அமர்க்களப்படுத்தியிருக்காங்க. மருந்தக் கொஞ்சம் கூட்டியே போட்டுடு.”

“அதுக்குக் காலே நிக்க மாட்டேங்குதுங்க. ஒரு நாளாவது வாயக் கட்டக் கூடாதா?”

“வாயக் கட்டணும்னா நான் எதுக்கு ஆப்பரேஷன் பண்ணிக்கிட்டேன்?”

கூட்டிப் போட்டாள். போடாவிட்டால் அவன் தின்னும் ஜாங்கிரி பூனையைக் கொன்றுவிடும். ஆனால் நிதிலன் சாப்பிடவே இல்லை. அலுவலகத்திலிருந்து அவசரமாகக் கூப்பிட, இலையில் கை வைக்காமலே கிளம்பிவிட்டான். அதை வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. சர்க்கரை மளமளவென்று இறங்கி, சோழியின் உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. வெண்பா அலறிக்கொண்டே தேனை விரலில் தொட்டு அதன் ஈறில் தடவினாள். கண் திறந்ததும் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு, தானோட்டி வண்டியை வரவழைத்து மருத்துவமனைக்கு ஓடினாள்.

“பொழைச்சிருச்சும்மா. ஆனா கிட்னி ரொம்பக் கெட்டுப்போச்சு. இந்தச் சுமையோட இனிமே தாங்காது,” என்றார் மருத்துவர் ரூபன்.

தகவல் கேட்டு வந்து சேர்ந்த நிதிலன், “அடுத்த பூனை ரெடியா இருக்கா டாக்டர்?” என்றான்.

வெண்பா அவனைப் பார்க்கவில்லை. “நோய இவருக்கே திருப்பிக் குடுத்துட்டா சோழி பொழைக்குமா?”

“பொழைக்கும். ஆனா சார் சம்மதிக்கணுமே.”

“ஒரு பூனைக்காக நான் சாகணுமா?” என்றான் நிதிலன்.

“சாகச் சொல்லலங்க. ஊசி போட்டுக்கச் சொல்றேன். அதையும் நானே போட்டு விடுறேன்.”

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அந்த முகத்தோடு இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியவள் அவள். இனிப் பேசிப் பயனில்லை என்று தெரியும்.

“அப்ப எனக்கு மாத்துங்க,” என்றாள்.

கோபத்தில் சொன்னாளா, நிஜமாகவே சொன்னாளா என்று அவளுக்கே தெரியாது. அவன் பதறிப்போய்த் தடுப்பான் என்று ஒரு கணம் எதிர்பார்த்தாள்.

“அப்படிப் பண்ண முடியுமா டாக்டர்?” என்று கேட்டான் நிதிலன்.

முடிந்தது. இணைமணி பூனையைவிட அவள் உடம்பில் நன்றாகவே பொருந்தியது. பூனை சில வருடங்களில் செத்துப்போகும். மனுஷி அரை ஆயுளுக்குத் தாங்குவாள், ஊசியைத் தானே போட்டுக்கொள்வாள், கிறுகிறுத்தால் வாய் திறந்து சொல்லவும் செய்வாள். மருத்துவர் ரூபன் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார். பிராணிநலக்காரர்கள் பொன்னாடை போர்த்தினார்கள். சோழியின் கால்கள் மெல்ல மெல்லத் தேறின. ஒரு நாள் அது ஜன்னலுக்குத் தாவியது. வெண்பா சந்தோஷத்தில் அழுதாள். பிறகு ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தாள். தாகம் அடங்கவில்லை.

அடுத்த வருடப் பரிசோதனைக்குப் போனபோது மருத்துவமனைக் கூடத்தில் பூனைக் கூண்டு ஒன்றுகூட இல்லை. இருக்கைகள் முழுக்கப் பெண்கள். பக்கத்தில் ஒரு சின்னப் பெண், விரலில் புது மோதிரத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

“உனக்கு எத்தனை வருஷமாம்மா சுகர்?” என்று கேட்டாள் வெண்பா.

“எனக்கு ஒண்ணுமில்லக்கா. நான் கட்டிக்கப் போறவருக்குத்தான். முகூர்த்தத்துக்கு முன்னாடியே மாத்திட்டா நல்லதுன்னு அவங்க வீட்டுல சொன்னாங்க.” அவள் வெண்பாவை உற்றுப் பார்த்தாள். “அக்கா, மொதல்ல ஏத்துக்கிட்டது நீங்கதான? உங்களப் பத்திச் சொல்லித்தான் எங்கம்மாவச் சம்மதிக்க வச்சாங்க.”

வெண்பா அந்தப் பெண்ணின் கையை இறுகப் பிடித்தாள்.

“எழுந்து போயிடு. இப்பவே போயிடு. நான் ஒரு பூனைக்காகத்தான்டி செஞ்சேன்.”

உள்ளேயிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அந்தப் பெண் கையை மெல்ல விடுவித்துக்கொண்டு எழுந்தாள்.

“எப்படிக்கா போறது?” என்றாள். “பத்திரிகை அடிச்சாச்சே.”