கவிழ்த்து வைத்த அம்மி

கூரை ஓட்டை வழியாக ஏணியில் இறங்கித்தான் அந்த வீட்டுக்கு வாழப் போனேன். எங்கள் ஆட்கள் மலையில் மான் விரட்டித் திரிந்தவர்கள். வானம் தெரியாத இடத்தில் எனக்குத் தூக்கம் வராது. உள்ளே புகையும் ஈரச் சுண்ணாம்பும் மணத்தன. மூலை மேடையில் ஒரு பெண் குழந்தை குச்சியாகக் கிடந்தது. என் புருஷன் ஹொர்முவின் மூத்த தாரம் நெஷா விட்டுப்போன பிள்ளை. அதே மேடைக்கு அடியில்தான் நெஷாவைப் புதைத்திருந்தார்கள். செத்தவர்களை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்வது அவர்கள் வழக்கம்.

அடுப்போரம் ஓர் அம்மி கவிழ்ந்து கிடந்தது. யாரையும் கேட்காமல் அதை நிமிர்த்திக் கஞ்சிக்குக் கோதுமை அரைத்தேன். பெரிய சமர்த்து நான்!

நாத்தனார் ஒதிலா கூரையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்துவிட்டது.

“அடிப்பாவி! செத்தவ அம்மிய யாராச்சும் நிமித்துவாங்களா? அவ வேலை முடிஞ்சுதுன்னுதானே கவுத்து வச்சோம்!”

“கல்லுக்குமா மதினி துக்கம்?” என்று சிரித்தேன்.

குழந்தை என் கஞ்சியைத் துப்பியது. எதை ஊட்டினாலும் துப்பியது. ஆனாலும் நாளுக்கு நாள் கன்னம் உப்பி வந்தது. ஹொர்முவுக்கு வாயெல்லாம் பல்.

“நீ வந்த நேரம், புள்ள தேறிட்டா” என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மறுத்துப் பேசவில்லை.

ஒருநாள் விதைத் தொட்டியைத் திறந்தார்.

பாதி காலி.

மழை இறங்கியதும் விதைக்க வேண்டிய கோதுமை. அது போனால் அடுத்த குளிரை நாங்கள் தாண்ட மாட்டோம்.

“நீதானே அரைச்சுத் தின்னே? விதை எது, திங்கிறது எதுன்னு மலைக்காரிக்கு என்ன தெரியும்?”

“சத்தியமா நான் தொடலைங்க.”

மறுநாள் நண்பகலில் கூரைக்கு மண் பூசிக்கொண்டிருந்தேன். கீழே வீட்டுக்குள் சத்தம் கேட்டது.

கர்ர்... கர்ர்...

எட்டிப் பார்த்தேன். அம்மிக்கு முன்னால் யாரும் இல்லை. குழவிக்கல் மட்டும் போய்ப் போய் வந்தது.

குழந்தை மேடையில் வாயைத் திறந்து காத்திருந்தது.

ஹொர்முவிடம் சொன்னேன். அம்மியை உடைத்துப் போட்டார். மிச்ச விதையையும் வீட்டிலிருந்த மற்றத் தானியத்தையும் ஒதிலா வீட்டுக்கு அள்ளிக்கொண்டு போனார்.

“புள்ள என்னத்தைத் திங்குங்க?” என்றேன்.

“ஒதிலா கஞ்சி தருவா, நீ ஊட்டு” என்றார்.

ஊட்டினேன். கெஞ்சினேன். துப்பியது. என் வயிற்றில் பிறக்காத பிள்ளைதான். ஆனாலும் அது வாடி வாடிச் சாவதை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பேன்?

விடிந்ததும் ஒதிலா வீட்டிலிருந்து கஞ்சி வாங்கிக்கொண்டு ஏணியில் இறங்கினேன். குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது.

உதடெல்லாம் வெள்ளை மாவு.

விரலால் தொட்டு முகர்ந்தேன்.

கோதுமை வாசம் இல்லை.

வீட்டில் அரைக்க ஒரு மணி தானியம் கிடையாது. நெஷாவிடம் மிச்சமிருந்தது அவள் எலும்பு மட்டும்தான்.

கஞ்சியைப் போட்டுவிட்டு, விதையைத் திருப்பிக் கேட்க ஏணிக்கு ஓடினேன். மேடைக்கு அடியில் அரைக்கும் சத்தம் கேட்டது. அது நிற்கவில்லை.