செவிலில் கிடைத்த ஊர்க்காரர்

செவிலிலிருந்து திரும்பி வந்த சிவசங்கரன் குறட்டை விடவில்லை. எந்தப் பெண்டாட்டி இதைப் போய்க் குறை என்று சொல்வாள்? கல்யாணமான நாளிலிருந்து தலையணையைக் காதில் அமுக்கிக்கொண்டு தூங்கிப் பழகிய விஜிக்கு முதல் ராத்திரி அப்பாடா என்றுதான் இருந்தது. மறுநாள் ராத்திரி அவளுக்கு விழிப்புத் தட்டியது. ஏசியின் உறுமலுக்கு அடியில் அவனுடைய மூச்சைத் தேடினாள். மூச்சுச் சத்தமும் இல்லை. கையை நீட்டித் தொட்டாள். "என்ன விஜி," என்றான் உடனே. தூங்கியவனின் குரலாக இல்லை அது. பட்டப்பகலில் எதிரே உட்கார்ந்து பேசுகிறவனின் குரலாக இருந்தது.

கம்பெனி அவனைப் பம்பு மெஷின் பயிற்சிக்காக ஸ்பெயினில் இருக்கும் செவில் நகரத்துக்கு அனுப்பியிருந்தது. விஜிக்கும் குழந்தைக்கும் விசா வரவில்லை. "அதனால என்ன, ஊரையே வீடியோவுல சுருட்டிக்கிட்டு வந்துடறேன்," என்று புதுக் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு போனான். அவர்கள் குடியிருந்த அரபு நாட்டுக்குத் திரும்பும்போது ஏர்போர்ட்டில் அதிகாரிகள் கேசட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். வெளியூரிலிருந்து வரும் கேசட்டைப் போட்டுப் பார்த்துவிட்டுப் பிறகு கொடுப்பது அங்கே வழக்கம்தான். ஆனால், எப்போது கிடைக்கும் என்று விஜி கேட்டபோது, "அது வராது. விட்டுடு," என்று சொல்லிவிட்டான்.

அவர்கள் இருந்த அல் கோபாரில் கடல் காற்று ஈரத்துணி மாதிரி முகத்தில் ஒட்டும் ஆகஸ்டு மாதம் அது. மாடிப்படி ஏறி வந்தாலே எல்லோருக்கும் சட்டை நனைந்துவிடும். அவன் சட்டை நனையவில்லை. அதை எத்தனை தடவை துவைத்தாலும், ஆரஞ்சுத் தோலை நகத்தால் கீறினால் வருமே, அந்தக் கசப்பு வாசனை போகவில்லை. ரசத்தில் உப்பு ஒரு கல் கூடினால் முகத்தைச் சுளிக்கிற மகராசன், இப்போது தட்டில் போட்டதையெல்லாம் சாப்பிட்டான். கறிவேப்பிலையை ஒதுக்கவில்லை. முருங்கைக்காயைச் சக்கையோடு மென்று விழுங்கினான். விஜி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கேசட்டை எப்படியாவது வாங்கித் தரும்படி பக்கத்து வீட்டு ஷம்சாத்திடம் சொல்லி வைத்தாள். அதிராம்பட்டினத்துக்காரி. அவள் கணவர் கலீல் ரஹ்மான் சரக்கு எடுக்க ஏர்போர்ட்டுக்குப் போய்வருகிறவர். வியாழக்கிழமை மத்தியானம் ஷம்சாத் முந்தானைக்குள் மறைத்து ஒரு உறையைக் கொண்டுவந்தாள். அரக்கு முத்திரை உடையாமல் இருந்தது.

"இந்தா விஜி. எங்கூட்டு ஆளு நின்னு வாங்கியாந்தாக. நீ ஏன் புள்ள இப்புடி வெளுத்துப்போய் இருக்கே?"

"ஒண்ணுமில்லக்கா. தூக்கம் சரியில்ல."

சாயங்காலம் சிவசங்கரன், பால் வாங்கக் கடைக்குப் போவதாக மகள் நாகவள்ளியைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கினான். வெளியே பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டான். குடும்பத்தோடு இருக்கிற பலரும் அங்கே அப்படித்தான் செய்வார்கள். படியில் காலடிச் சத்தம் அடங்கும்வரை காத்திருந்து, கேமராவை டிவியோடு சேர்த்து, உறையைப் பிரித்து, கேசட்டைப் போட்டாள்.

வெயில். பிரம்மாண்டமான தேவாலயம். அதன் மணிக்கோபுரம். படத்துக்குப் பின்னாலிருந்து சிவசங்கரனின் குரல், மூச்சு வாங்க, சிரிப்போடு: "விஜிம்மா, இந்தக் கோபுரத்துக்குப் படியே கிடையாது. சரிவுப் பாதைதான். அந்தக் காலத்துல குதிரையிலேயே மேல போவாங்களாம்." விஜிக்குக் கண் கலங்கிவிட்டது. விஜிம்மா. திரும்பி வந்தபின் அந்த வார்த்தையை அவன் ஒருதடவைகூடச் சொல்லவில்லை.

அடுத்த காட்சியில் அவனே நின்றான், ஆரஞ்சு மரத்தடியில், வியர்த்து வழிந்துகொண்டு.

"பாத்தியா, நானே வந்துட்டேன். நம்ம ஊர்க்காரர் ஒருத்தர் கிடைச்சாரு. மன்னார்குடிப் பக்கமாம். அவர்தான் கேமராவைப் பிடிச்சிருக்காரு."

அயலூரில் தமிழ்க் குரல் கேட்டுவிட்டால் நம்மவர்களுக்குத் தலைகால் புரியாது. அரண்மனையின் நீலப் பூ ஓடுகளுக்கு முன்னால் நின்று அவன் எல்லாவற்றையும் கொட்டினான். ஆற்றுப் பாலத்தில் நடந்துகொண்டே கொட்டினான். அல் கோபாரில் எந்தத் தெரு, எத்தனையாவது மாடி, சம்சாரம் பேர் என்ன, மகளுக்கு என்ன பிடிக்கும். கேமராவைப் பிடித்திருந்தவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

வெளிச்சம் மங்கியது. ஒடுங்கிய சந்துகள். வெள்ளைச் சுவர்கள். சிவசங்கரன் இப்போது சிரிக்கவில்லை.

"போதும் சார், கேமராவைக் குடுங்க. ஓட்டலுக்குப் போகணும்." நடந்தான். திரும்பிப் பார்த்தான். "சார், இந்தச் சந்துலதானே அப்பவும் வந்தோம்?"

பிறகு ஒரு பழைய வீடு. பூச்சட்டிகள் வைத்த முற்றம். அதன் முன்னால் ஆளுயரக் கம்பிக்கதவு. அவன் உள்ளே. கேமரா வெளியே.

"கதவத் திறங்க சார்." கம்பியை உலுக்கினான். கேமராவுக்கு மேலே தெரிந்த முகத்தை நிமிர்ந்து பார்த்தான். அப்படியே நின்றுவிட்டான். வாய் திறந்தபடி இருந்தது. "அது என் மூஞ்சி," என்றான், சின்னப் பையன் மாதிரி.

படத்துக்குப் பின்னால் முதன்முறையாக ஒரு குரல். கரகரவென்று.

"விச்சி."

மறுபடி. "விசி." மறுபடி. "விஜி." கரகரப்பு தேய்ந்துகொண்டே வந்தது. "என்ன விஜி." இப்போது அது சுத்தமாக அவள் புருஷன் குரல். "என்ன விஜி. என்ன விஜி."

வள்ளி. குழந்தை அதோடு போயிருக்கிறது.

கதவுக்கு ஓடினாள். பூட்டு. தோளால் இடித்தாள். அசையவில்லை. ஷம்சாத் வீட்டுக்குப் போன் அடித்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஜன்னலைத் திறந்து "வள்ளி, வள்ளிம்மா" என்று தொண்டை கிழியக் கத்தினாள். சாயங்காலத் தொழுகைக்கான மக்ரிப் பாங்கு எல்லாப் பள்ளிவாசலிலிருந்தும் ஒரே சமயத்தில் எழுந்தது. அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. கீழே கடைகள் ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தன. தெருவில் குழந்தை இல்லை. முருகா, என் பிள்ளையைக் கொடுத்துவிடு, எனக்கு வேறெதுவும் வேண்டாம்.

பின்னால் டிவியில் கம்பி உலுக்கும் சத்தம் நின்றது.

திரும்பினாள்.

கேசட் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. முற்றத்தின் இருட்டிலிருந்து ஒரு சின்ன உருவம் நடந்து வந்து சிவசங்கரனின் பக்கத்தில் நின்றது. மஞ்சள் கவுன். சற்று முன் அவள் கையால் போட்டுவிட்ட கவுன். கழுத்தில் அவள் தட்டிவிட்ட பவுடர். குழந்தை அழுது அழுது விக்கிக்கொண்டிருந்தது. வீட்டில் வேட்டியைப் பிடிப்பதுபோல் அப்பாவின் பேண்டைப் பிடித்துக்கொண்டு, கேமராவை நேராகப் பார்த்தது.

"அம்மா, வராதே," என்றது.

பூட்டில் சாவி திரும்பியது.

கதவு மெல்லத் திறந்தது. ஆரஞ்சுத் தோல் வாசனை. வாசலில் அவன் நின்றான், ஒரு கையில் பால் பாக்கெட். இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு மஞ்சள் கவுனில் ஒரு பெண் குழந்தை. அந்தப் புழுக்கத்தில் மூன்று மாடி ஏறி வந்தும் அதன் கழுத்துப் பவுடர் கலையாமல் வெள்ளையாக இருந்தது.

"அம்ச்சா," என்றது. பிறகு கொஞ்சம் யோசித்து, "அம்மா."

விஜி கண்ணை மட்டும் டிவி பக்கம் திருப்பினாள். அங்கே அவள் புருஷனும் மகளும் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டி ஆட்டி அழுதார்கள். அவர்கள் இருவருக்கும் நடுவே, இன்னும் ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு இடம் காலியாக இருந்தது.