சத்தம் காட்டும் கோடு

காவலாளி திரும்பியிருக்கக் கூடாது.

அவள் எந்தப் பொத்தானையும் அழுத்தவில்லை. திரையில் அவளுடைய ஆளான மருத்துவச்சி, கோட்டைக்குள் அடைபட்ட தங்கையை மீட்க வந்தவள், தானிய மூட்டைகளுக்குப் பின்னால் அசையாமல் குந்தியிருந்தாள். ஆனாலும் விளக்கோடு போய்க்கொண்டிருந்த காவலாளி நின்று, கழுத்தை மட்டும் மெல்லத் திருப்பி, "யாரது?" என்றான். திரையின் மூலையில் சத்தத்தைக் காட்டும் பச்சைக் கோடு ஒரு விரற்கடை உயர்ந்து தணிந்தது.

இந்த வீடியோ விளையாட்டை வாங்கிக் கொடுத்த தம்பி முதலிலேயே எச்சரித்திருந்தான். "ஹெட்போன் மைக் ஆன்லயே இருக்கும்க்கா. நீ இங்க தும்முனா அங்க அவனுங்களுக்குக் கேக்கும். வாயை மூடிட்டு விளையாடணும். உன்னால முடியுமான்னு பாரு."

முடிந்தது. மருத்துவமனையில் காது பரிசோதிப்பதுதான் அவள் வேலை. கண்ணாடி அறைக்குள் குழந்தைகளை உட்கார வைத்து, சத்தம் கேட்டால் கை தூக்கச் சொல்பவளுக்குச் சும்மா இருப்பது பழக்கம். எறும்பு தடுக்கி விழுந்தாலும் இவளுக்குக் கேட்கும் என்று வீட்டில் கேலி செய்வார்கள். ஆம்புலன்ஸ் ஓட்டும் கணவன் வேலைக்குப் போயிருந்தான். காய்ச்சலில் கிடந்த மகளுக்காக இவள் விடுப்பு எடுத்திருந்தாள். மருந்து குடித்துவிட்டு மகள் உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். டிவிக்குப் பக்கத்தில் அந்த அறையின் கதவு ஒருக்களித்திருந்தது. அவள் உட்கார்ந்திருந்த சோபாவுக்குப் பின்னால் சமையலறைக்குப் போகும் குறுகலான வழி. மாலை ஆகும் முன்பே மழை இருட்டிக்கொண்டு வந்து, அறை முழுக்க ஈரச் சுவரின் வாடையும் மருந்தின் செயற்கையான ஆரஞ்சு மணமும் கலந்து நின்றன.

மழைச் சத்தமாக இருக்கும் என்று நினைத்தாள். ஆனால் மழை ஒரே சீராகப் பெய்துகொண்டிருந்தது. கோடு அப்படி இல்லை. உயர்ந்தது. சற்று நின்றது. நீளமாக இறங்கியது.

ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் காது கொடுத்தாள். மழை, சுவர்க் கடிகாரம், குளிர்சாதனப் பெட்டியின் முனகல். வேறொன்றும் இல்லை. அவள் காதுக்கு எட்டாத ஒன்று இந்த மலிவான மைக்குக்கு எட்டுவதா? கொஞ்சம் ரோஷமாகக்கூட இருந்தது.

மைக்கின் வளையும் தண்டைப் பிடித்து ஜன்னல் பக்கம் நீட்டினாள். கோடு தணிந்தது. மகளின் அறைப் பக்கம் நீட்டினாள். காய்ச்சல் மூச்சுக்கு ஏற்ப லேசாக, மிக லேசாக ஒரு துடிப்பு. அதைப் பார்க்க நிம்மதியாக இருந்தது. பிறகு தோளுக்கு மேலாகச் சமையலறைப் பக்கம் நீட்டினாள்.

கோடு மஞ்சளுக்கு ஏறியது.

எழுந்து போய் எல்லா விளக்குகளையும் போட்டாள். சமையலறையில் யாரும் இல்லை. ஜன்னல் கொக்கி மாட்டியபடியே இருந்தது. கதவிடுக்கு, மேசைக்கு அடி, துணி துவைக்கும் மெஷினுக்குப் பின்னால் என்று ஒன்று விடாமல் பார்த்தாள். வாசல் கதவைத் தாழ்ப்பாள் போட்டது போட்டபடி இருந்தது. "பைத்தியம்" என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திரும்பி வந்து உட்கார்ந்து, ஹெட்போனை இடது கையில் எடுத்துக்கொண்டு தம்பிக்குப் போன் செய்தாள்.

"டேய், நீ குடுத்த ஹெட்போன் கெட்டுப்போச்சுடா. நான் சும்மா இருக்கேன், அது பாட்டுக்கு சத்தம் காட்டுது."

"வயர் லூசா இருக்கும். இல்லன்னா நீ குறட்டை விட்டிருப்ப." அவன் சிரித்தான். "மாட்டிக்கிட்டியா? ஜெயில்ல போட்டுட்டாங்களா?"

"இன்னும் இல்ல. அந்த மூட்டைக்குப் பின்னாடிதான் இருக்கேன்."

"சரி, மாமாவைக் கொஞ்சம் உக்காரச் சொல்லு. ஏன் இப்படி மூச்சு வாங்குறாரு? லிஃப்ட் வேலை செய்யலையா?"

அவள் போனைக் காதோடு இறுக்கிக்கொண்டாள்.

"அக்கா?"

"மாமா வரலடா."

"அப்போ யாரு அது? உன் பக்கத்துலதானே கேக்குது. போனுக்குள்ளயே வந்து மூச்சு விடுற மாதிரி இருக்கு."

பிடரியில் ரோமங்கள் எழுந்து நின்றன. அது பயத்தால்தானா, அல்லது அங்கே ஏதோ வெதுவெதுப்பாகப் பட்டதாலா என்று அவளால் சொல்ல முடியவில்லை. உதடு மட்டும் அசையப் பேசினாள்.

"மாமாவைக் கூப்பிடு. உடனே வரச் சொல்லு."

"என்னக்கா ஆச்சு? ஏய், அக்கா..."

போனைத் துண்டித்து மடியில் கவிழ்த்தாள். ஹெட்போன் இன்னும் இடது கையில்தான் இருந்தது. திரும்பிப் பார்க்கத் துணிவில்லை. மைக்கை மட்டும், விரல் நுனியால், கழுத்துக்குப் பின்னால் மெல்லத் தள்ளினாள்.

கோடு சிவந்தது.

ஏறியது. நின்றது. நீளமாக இறங்கியது. பெரிய உடம்பின் மூச்சு. நிதானமான மூச்சு. ஓடி வந்த களைப்பு அதில் இல்லை. வெகுநேரமாக ஒரே இடத்தில் நிற்கும் ஒன்றின் மூச்சு.

அவள் தன் மூச்சை அடக்கினாள்.

கோடு ஏறி இறங்கியது. மறுபடியும் ஏறி இறங்கியது. பிறகு, புரிந்துகொண்டதுபோல, நின்றுவிட்டது.

அதுவும் மூச்சை அடக்கிக்கொண்டது.

திரையில் காவலாளிகள் மூட்டைகளைச் சுற்றிக் கூடினார்கள். ஒருவன் ஈட்டியை ஓங்கினான். மருத்துவச்சி விழுந்தாள். இவள் அதைப் பார்க்கவில்லை. மகளின் கதவு எவ்வளவு தூரம் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். எழ வேண்டும். பாய வேண்டும். உள்ளே போய்த் தாழிட வேண்டும். கால் விரல்களைத் தரையில் ஊன்றினாள். சோபாவின் முதுகுப் பஞ்சு, இரண்டு கைகள் ஊன்றியதுபோல, அவள் தோள்களின் இருபுறமும் மெல்ல அமுங்கியது.

ஒருக்களித்த கதவு திறந்தது.

மகள் நின்றிருந்தாள். கலைந்த தலை, காய்ச்சலில் சிவந்த கன்னம், கையில் போர்வையின் ஒரு முனை. "அம்மா" என்று கூப்பிட வாயைத் திறந்தவள் பாதியில் நிறுத்தினாள். அவள் பார்வை அம்மாவின் முகத்தில் இல்லை. அதற்குச் சற்று மேலே இருந்தது. பிறகு இன்னும் மேலே, கூரையை நோக்கிப் போனது.

'ஓடு' என்று அம்மாவின் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன. மகள் கவனிக்கவில்லை. அவள் முகத்தில் பயமே இல்லை. உயரத்திலிருந்து யாரோ செய்து காட்டுவதை உற்றுப் பார்த்து அப்படியே செய்யும் அக்கறையோடு, தன் சின்ன ஆள்காட்டி விரலை எடுத்து உதட்டின் மேல் வைத்துக்கொண்டாள்.