யாரும் கேட்காத வீடு

தூத்துக்குடியில் காலை ஆறு மணிக்கு எல்லா வாசல் பலகைகளிலும் அன்றைய வாடகை ஒளிரும். அதைப் பார்த்த பிறகுதான் காபி. பேராசிரியர் ஜெசிந்தாவின் வீட்டுக்கு அன்று ஏறவில்லை. பக்கத்து வீட்டு உப்பளத் தொழிலாளி சண்முகையாவுக்குத்தான் மறுபடி ஏறியிருந்தது. இன்னும் ஒருமுறை ஏறினால் அவர் காலி செய்ய வேண்டியதுதான்.

வாடகையைத் தீர்மானித்தது விருப்பமானி. மணிக்கட்டில் பதித்த அந்தச் சில்லு, ஒரு வீட்டை நினைக்கும்போது மனம் எவ்வளவு துடிக்கிறது என்று அளந்து வீட்டுவசதி ஆணையத்துக்கு அனுப்பும். துடிப்பு கூடினால் தேவை கூடியதாகப் பொருள்; வாடகையும் ஏறும். அதனால் குடியிருக்கும் வீடு பிடித்திருக்கிறது என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, பிள்ளைகளையும் சொல்லவிடுவதில்லை.

நாற்பதாயிரம் வீடுகளின் பதிவுகளை ஒன்பது ஆண்டுகள் அலசிய ஜெசிந்தா, அந்தக் கணக்கு தவறு என்று முறையிட அன்று ஆணையத்தின் முன் நின்றார். சண்முகையாதான் அவருடைய சாட்சி. விருப்பமானி பொய் சொல்லாது என்றார் ஆணையத் தலைவர். ஜெசிந்தா அதை மறுக்கவில்லை. வெளியார் விருப்பத்தையும் குடியிருப்பவர் விருப்பத்தையும் தனித்தனியாகக் காட்டச் சொன்னார். சண்முகையா வீட்டுக்கு வெளியார் விருப்பம், சுழியம்.

“இந்த வீட்ட ஊர்ல ஒருத்தரும் கேக்கலய்யா. கையவிட்டுப் போயிருமோன்னு உள்ள இருக்கவருதான் பயப்படுதாரு. அந்தப் பயத்த நாம தேவைன்னு எண்ணுதோம். வாடக ஏறுது, பயம் கூடுது, திரும்பவும் ஏறுது” என்றார் ஜெசிந்தா.

தலைவர் சண்முகையாவிடம் வீடு பிடிக்குமா என்று கேட்டார். சொன்னால் என்ன ஆகும் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அவர் தன் மணிக்கட்டைப் பார்த்தார், பிறகு நிமிர்ந்தார்.

“ரொம்பப் பிடிக்கும்யா. எங்க வீட்டுக்காரி படுக்கையில கெடந்த ஏழு வருசமும், அந்தச் சன்னல் வழியா கப்பல் பாத்துக்கிட்டேதான் இருந்தா.”

திரையில் குடியிருப்பவர் கோடு விருட்டென்று மேலே போனது. வெளியார் கோடு அசையவே இல்லை. தலைவர் அதை உறுப்பினர்களுக்குச் சுட்டிக்காட்டினார். பிறகு அவர்களோடு கலந்துபேசி, குடியிருப்பவரின் மனம் இனி எந்த ஊரிலும் கணக்கில் வராது என்று உத்தரவிட்டார். சண்முகையாவின் வாடகை அந்த இடத்திலேயே பாதிக்கும் கீழே இறங்கியது.

ஜெசிந்தாவும் சண்முகையாவும் பேருந்தில் திரும்பினார்கள். செய்தி அவர்களுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. தன் சமையலறை மழைக்கு ஒழுகும், ஆனாலும் அதை விட்டு வேறெங்கும் சமைக்க வராது என்றார் நடத்துநர் அம்மாள். ஒரு கல்லூரி மாணவி மொட்டைமாடியில் அடிக்கும் கடல் காற்றைச் சொன்னாள். பின் இருக்கைக்காரர் ஒருவர் பேச ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தி, வீட்டுச் சாவியை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். எல்லோரும் அவருக்காகக் காத்திருந்தார்கள். இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது. ஜெசிந்தா எழுந்திருக்கவில்லை.