தருணின் நம்பரில் யாரோ!

ஃபோன் அலறியது.

இளவேனில் எடுத்தாள். எதிரே வீடியோ கால் பாதியில் நின்றுபோய், கம்ப்யூட்டர் திரையில் அரசு வக்கீல் சந்திரசேகரன் வாயைப் பாதி திறந்தபடி உறைந்து போயிருந்தார்.

"என்னம்மா, திரும்பவும் கட் ஆயிடுச்சு?"

"சாரி சார். ரெண்டு வாரமா இந்த நெட்டால இதே ரோதனை."

"சரி, ஃபோன்லயே கேக்கறேன். நாளைக்குக் கோர்ட்ல நீதான் முக்கியமான சாட்சி. மொட்டை மாடியில உன் தம்பி கடைசியா என்ன கத்தினான்?"



"'என் லேப்டாப்பைக் குடுடா'ன்னு..."

"யாரைப் பாத்து?"

"அர்ஜுனனை."

அர்ஜுனன்... தம்பி தருணின் உயிர் நண்பன். இளவேனிலுக்கு நிச்சயமானவனும் அவன்தான். இப்போது ஜெயிலில் இருக்கிறான்.

"அது போதும்மா. ரெண்டு பேரும் சேந்து எழுதின கேம் அந்த லேப்டாப்புல இருந்துச்சு. திருடினான்... மாட்டினான்... தள்ளி விட்டுட்டான். லேப்டாப் எங்கே போச்சுன்னுதான் தெரியல. பரவாயில்ல, நீ சொல்ற ஒரு வார்த்தையில ஆயுசுக்கும் உள்ளே போயிடுவான்."

ஃபோனை வைத்தாள். உட்கார்ந்து அழக்கூட நேரமில்லை. வைட்ஃபீல்டில் இருக்கும் ஆபீஸுக்கு வீட்டிலிருந்தே வேலை. அதுவும் ஹெல்ப் டெஸ்க்! ஊரான் வீட்டுக் கம்ப்யூட்டரையெல்லாம் சரி பண்ணுகிறவளுக்குத் தன் வீட்டு நெட்டை நிமிர்த்த முடியவில்லை. வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

அவர்கள் குடியிருக்கும் ஜோகுபாளையம் முழுக்க நெட் கேபிள் இழுத்து வைத்திருக்கும் சீனு வந்தான்.

"எலிதான்க்கா. வேற ஒண்ணும் இல்ல."

"போன வாரமும் எலின்னுதானே சொன்ன?"

"அது வேற எலிக்கா."

வயரை மாற்றினான். ரவுட்டரை அணைத்துப் போட்டான். அம்மா ஜெயலட்சுமி அவனுக்கு டீ கொடுத்துவிட்டு, கதவோரமாக நின்று வேடிக்கை பார்த்தாள். அவன் இருந்தவரை நெட் ஒரு தடவைகூட அசையவில்லை.

"பாத்தீங்களா? கல்லு மாதிரி நிக்குது. சும்மா பேஜாராவாதீங்கக்கா."

சீனு கிளம்பினான். "தலைய வலிக்குது, கொஞ்சம் படுக்கறேன்" என்று அம்மா உள்ளே போனாள்.

பொசுக்கென்று நெட் போனது.

திரை மூலையில் ஒரு சின்னப் பெட்டி எட்டிப் பார்த்தது. வழக்கமாகப் படிக்காமலேயே மூடிவிடுவாள். ஆபீஸில் இப்படிப் படிக்காமல் மூடுகிறவர்களைத்தான் திட்டித் தீர்ப்பாள். இன்றைக்கு ஏனோ படித்தாள்.

இதே நம்பரில் இந்த வீட்டு நெட்டில் இன்னொரு கம்ப்யூட்டர் இருக்கிறதாம்!



அது தருணின் நம்பர்.

வீட்டு நெட்டில் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு நம்பர் உண்டு. தருண் தன் லேப்டாப்பின் நம்பருக்கே வேகத்தையெல்லாம் திருப்பி வைத்திருந்தான், படவா. போய்ச் சேர்ந்தவனுக்கு வேகம் எதற்கு என்று ரெண்டு வாரத்துக்கு முன்புதான் அந்த நம்பரைத் தன் கம்ப்யூட்டருக்குப் போட்டுக்கொண்டாள். ஒரே நம்பரில் இரண்டு இருந்தால் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். நெட் அறுந்து போகும்.

அப்படியென்றால்...

தருணின் லேப்டாப்பை யாரோ ஆன் செய்கிறார்கள். இந்த வீட்டு வை-ஃபை எட்டுகிற தூரத்தில்.

அர்ஜுனன் ஜெயிலில் இருக்கிறான். அப்புறம் யார்?

எழுந்தாள். வாசல் கதவு தாழ் போட்டபடியே இருந்தது. கீழ் வீடு காலி. சமையலறையில் கைக்குக் கிடைத்தது பூரிக்கட்டைதான். அதை எடுத்துக்கொண்டு திரும்பினாள்.

அம்மாவின் அறைக் கதவிடுக்கில் நீல வெளிச்சம் தெரிந்தது.

தள்ளினாள்.

அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் லேப்டாப். திரையில் தருண் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் கழுத்துக்குக் கீழே பாஸ்வேர்டுக்கான கட்டம் காலியாகக் கிடந்தது.

"உள்ள போகத் தெரியலடி... மூஞ்சிய மட்டும் பாத்துட்டு மூடிடுவேன்."

பூரிக்கட்டை கை நழுவி விழுந்தது.

"நீயாம்மா எடுத்த?"

"நாள் பூரா இதையே கட்டிக்கிட்டு கெடந்தான். ஒரு வேளை சோறாவது நம்மகூட உக்காந்து சாப்புடட்டும்னு பீரோவுல துணிக்கு அடியில ஒளிச்சு வெச்சேன். சாப்ட்டதும் குடுத்துடலாம்னுதான்டி நெனச்சேன். அவன் அர்ஜுனன்மேல சந்தேகப்பட்டு மாடிக்கு ஓடுவான்னு நான் கண்டேனா?"

இளவேனில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அர்ஜுனன் சொன்னானேம்மா... 'நான் எடுக்கல, அவன்தான் சட்டைய புடிச்சு இழுத்தான், கால் தடுக்கி விழுந்துட்டான்'னு தலையில அடிச்சுக்கிட்டு சொன்னானே. நான் நம்பலையே."

ஆறு மாதமாக ஒரு தடவைகூட ஜெயிலுக்குப் போய் அவனைப் பார்க்கவில்லை. அதை நினைத்து நினைத்து அழுதாள்.

"போலீஸ் வந்தப்ப ஏம்மா வாயத் தொறக்கல?"

"தொறந்தா என் புள்ளைய நானே கொன்னேன்னு ஆயிடுமே... தட்டுல சோத்தப் போட்டு வெச்சிருந்தேன்டி. அப்படியே ஆறிப்போச்சு."

இளவேனில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். கை சூடாக இருந்தது, லேப்டாப் சூடு.

"நாளைக்கு நான் சாட்சி சொன்னா அர்ஜுனன் வாழ்க்கையே போயிடும்மா."

"தெரியும். அதான் தெனமும் இவன்கிட்ட கேக்கறேன், நான் என்னடா பண்ணட்டும்னு."

"என்ன சொல்றான்?"

"சிரிக்கறான்."

பிறகு அம்மாவே லேப்டாப்பை மூடினாள்.

"வக்கீலுக்கு ஃபோனப் போடு."

போட்டாள்.

"சார், லேப்டாப் கெடச்சிடுச்சு. எங்க வீட்டு பீரோவுலயேதான் இருந்துருக்கு. ஒளிச்சு வெச்சது எங்கம்மா. நாளைக்குக் கோர்ட்டுல அவங்களும் பேசணுமாம்."

"லேப்டாப்போட அம்மாவையும் காலையிலேயே கூட்டிட்டு வா" என்று வக்கீல் ஃபோனை வைத்தார்.

வைத்ததும் மறுபடி ஃபோன் அடித்தது. சீனு.

"அக்கா, நெட்டு நிக்குதா?"

"நிக்குது சீனு. இனிமே கட் ஆகாது."

"அப்ப கம்ப்ளைன்ட்டை க்ளோஸ் பண்ணிடறேன். என்ன காரணம்னு ஆபீஸ்ல கேப்பாங்க. என்னன்னு போடட்டும்?"

அம்மா அந்த லேப்டாப்பைப் புடவைத் தலைப்பால் துடைத்து, நாளைக்குக் கொண்டுபோகப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

இளவேனில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எலின்னே போட்டுக்க, சீனு."