கால் கழுவிய தொட்டி

தோர்ண்டன் ஹீத்திலிருந்து கார் வெளிக்கிட்ட நேரந்தொட்டு தர்மிகா ஒன்றையேதான் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"அம்மா, இண்டைக்கு மட்டும் என்ரை மானத்தை வாங்கிப் போடாதேங்கோ. பாதருக்குப் பிடிச்சாத்தான் இந்தச் சேர்ச்சிலை கலியாணம்."

தாய் தவநாயகி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மாப்பிள்ளை கிளின்ரன் வேதக்காரப் பொடியன், சைவக்காரன் இல்லை என்ற சங்கதியையே அவள் பெரும்பாடு பட்டுத்தான் சீரணித்திருந்தாள்.

இடிந்த மடாலயச் சுவர்களின் நடுவே தேவாலயம் தனித்து நின்றது. மழை ஓய்ந்து, ஈரக் கல்லும் பாசியும் மணத்தன. தர்மிகாவும் கிளின்ரனும் முன்னே போய்விட்டார்கள். வாசலோரம் தரையில் ஒரு கல்தொட்டி, நிறையத் தண்ணீர். கால் கழுவாமல் கோயிலுக்குள் போவது எப்படி? தவநாயகி செருப்பைக் கழற்றி, சேலையைத் தூக்கிப் பிடித்து, இரண்டு காலையும் உள்ளே விட்டு நன்றாகத் தேய்த்தாள்.

அந்தக் குளிரிலும் தண்ணீர் இளஞ்சூடாக இருந்தது.

பாதிரியார் நல்ல மனிதர். கட்டடத்தைச் சுற்றிக் காட்டி, கடைசியில் அந்தத் தொட்டியடிக்கே கூட்டிவந்தார். கிளின்ரன் தமிழில் சொன்னான்.

"ஞானஸ்நானத் தொட்டியாம் மாமி. சாகக் கிடந்த குழந்தையளை இதிலைதான் முழுக்காட்டினவையாம். வந்து சேர முந்திச் செத்ததுகளும் கனக்கவாம்."

தொட்டித் தண்ணீர் சேறாகக் கலங்கியிருந்தது. பாதிரியாரின் முகம் வாடியது. தர்மிகா தாயின் வெறுங்காலைப் பார்த்தாள்.

தவநாயகி காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"நானில்லை பிள்ளை. ஒரு சின்னப்பிள்ளைதான் காலை விட்டு அளைஞ்சுகொண்டு நிண்டது."

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள்.

வாசல் கல்லில் ஈரக் காலடிகள். உள்ளங்கையளவு.

கிளின்ரன் அதை எடுத்துச் சொல்ல, பாதிரியார் சிரித்துவிட்டார். கலியாணத்துக்குச் சம்மதமும் சொன்னார். காரில் தர்மிகா தாயின் தோளில் சாய்ந்தாள்.

"உங்களைச் சந்தேகப்பட்டுட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ அம்மா."

வெட்கம் தவநாயகியைப் பிடுங்கித் தின்றது. அந்த நிமிடமே உண்மையைச் சொல்லியிருக்கலாம். மகளின் தலையைத் தடவிவிட்டாள்.

வீட்டுக்கு வந்து தன் மாடியறைக்குள் நுழைந்தாள். கார்ப்பெட்டில் வாசலிலிருந்து கட்டில்வரை ஈரக் காலடிகள்.

உள்ளங்கையளவு.

ஈரக் கல் மணத்தது.

"நான்தான் கழுவினனான்," என்று கிசுகிசுத்தாள். "உன்ரை தலையிலை பழியைப் போட்டது பிழைதான். போயிடு அப்பு."

கீழேயிருந்து தர்மிகா குரல் கொடுத்தாள்.

"ஆரோடை அம்மா கதைக்கிறீங்கள்?"

இப்போதாவது சொல்லலாம்.

"ஒருத்தருமில்லை பிள்ளை."

முழங்காலடியில் அவளுடைய சேலையை ஒரு சின்னக் கை பிடித்து இழுத்தது. ஈரமாக, இளஞ்சூடாக.